சுவருக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே

2018 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை. சென்னைக் கடற்கரையிலிருந்து திருமால்பூருக்குப் போகும் மின்சார ரயில் அன்று காலை தன் வழக்கமான பாதையில் போகவில்லை. வழியில் ஓரிடத்தில் உயர் அழுத்த மின்கம்பி அறுந்து விழுந்ததால் புறநகர் வண்டிகள் தாமதமாயின. சில வண்டிகளை விரைவு ரயில்கள் ஓடும் பாதைக்கு மாற்றி விட்டார்கள். அலுவலக நேரத்தில் வண்டி தாமதமானால் என்ன ஆகும் என்று தாம்பரம் தடத்தில் ஒரு மாதம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று வண்டிகளில் போக வேண்டிய கூட்டம் ஒரே வண்டியில் ஏறும். உள்ளே நுழைய முடிந்தவர்கள் நுழைவார்கள், மற்றவர்கள் படியில் தொற்றிக்கொள்வார்கள். அந்த வண்டி பரங்கிமலை நிலையத்தை நெருங்கியபோது படியில் தொங்கியவர்கள் பாதையோரக் கான்கிரீட் சுவரில் அடிபட்டு ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு அதே இடத்தில் 2 பேர் விழுந்து இறந்திருந்தார்கள்.

அந்தச் சுவர் நெடுநாளாக அங்கேதான் இருந்தது. தினமும் படியில் நின்று போகிறவர்களுக்கு எந்தக் கம்பம் எங்கே வரும், எந்த இடத்தில் முதுகுப் பையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். அது அவர்கள் தினம் போகும் பாதைக்கு மட்டும் பொருந்தும் அறிவு. பாதை மாறிய அன்று அது கைவிட்டது.

இந்த விபத்தைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்: படியில் பயணம், நொடியில் மரணம். பேருந்தின் பின்புறம் எழுதிவைக்க ஏற்ற வரிதான். ஆனால் அன்றைய வரிசையைப் பின்னோக்கிப் பார்த்தால் முதலில் தவறியது மனிதக் கை இல்லை, ஒரு செப்புக் கம்பி. மின்சார ரயிலின் தலைக்கு மேலே ஓடும் அந்தக் கம்பி சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அதில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. வண்டியின் கூரைமேல் மடங்கி நிமிரும் சட்டத்தின் கரிப்பட்டை அதன் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் உரசினால் பட்டையில் பள்ளம் விழுந்துவிடும் என்பதால் கம்பியை நேர்ப்பாதையில் நடுவிலிருந்து இடமும் வலமுமாக 20 செ.மீ. வரை விலக்கி நெளிவாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு வண்டியும் கம்பியிலிருந்து ஒரு துளியைத் தேய்த்துக்கொண்டு போகிறது. வெயிலில் அது நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. தேய்ந்த கம்பியை அளந்து பார்த்து உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி ஓடாத சில மணி நேரம் வேண்டும். அந்த நேரம்தான் புறநகர் ரயிலில் எங்கும் கிடைக்காத பொருள்.

பழையது என்றால் நம் நினைவுக்கு வருவது துருப்பிடித்த இரும்பு. புறநகர் ரயிலில் துருவைவிட ஆபத்தான பழமை ஒன்று உண்டு. அது அளவுகளின் பழமை. இரண்டு தண்டவாளப் பாதைகளுக்கு நடுவே எத்தனை மீட்டர், பாதைக்கும் சுவருக்கும் எத்தனை, நடைமேடைக்கும் பெட்டியின் தரைக்கும் எத்தனை, நடை மேம்பாலத்தின் படிக்கட்டு எத்தனை அடி அகலம் என்பவையெல்லாம் வேறொரு காலத்தின் கூட்டத்துக்கு வகுக்கப்பட்டவை. சென்னையில் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் மீட்டர் கேஜில் தொடங்கியது. கடைசி மீட்டர் கேஜ் மின்வண்டி 2004இல்தான் நின்றது. மும்பையில் இதெல்லாம் இன்னும் பழைய கதை. போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கி.மீ. தூரத்துக்கு முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16இல் ஓடியது. மின்சார ரயில் 1925இல் வந்தது. தண்டவாளத்தை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், மும்பை செய்ததுபோல் மின்னழுத்தத்தையே 1,500 வோல்ட் நேர்மின்சாரத்திலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றலாம். இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருக்கி நிற்கும் பாதையின் அகலத்தை மாற்றுவது அப்படிப்பட்ட வேலை இல்லை.

மும்பை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோய் முற்றிய நிலையில் இருப்பது அங்கேதான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பேர் அந்த லோக்கல் வண்டிகளில் போகிறார்கள். நெரிசல் நேரத்தில் நிற்கும் இடத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 14 முதல் 16 பேர் என்பது ரயில்வே தரப்பிலேயே சொல்லப்படும் கணக்கு. ஆறடிக்கு மூன்றடிக் கோரைப் பாய் ஒன்றை வீட்டில் விரித்து, அதன்மேல் 25 பேரை நிற்கவைப்பதாக நினைத்துப் பாருங்கள். அந்த 25 பேரும் கைப்பையோடு, மதியச் சோற்றோடு, ஒன்றரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும்.

2025 ஜூன் 9 காலை, தாணேக்கு அப்பால் மும்ப்ரா நிலையத்தின் அருகே உள்ள வளைவில் எதிரெதிராக இரண்டு லோக்கல்கள் கடந்தன. இரண்டிலும் வாசல்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் உரசி, பத்துக்கும் மேற்பட்டோர் தண்டவாளத்தில் விழுந்தார்கள். 4 பேர் அன்றே இறந்தார்கள். முதுகுப் பைகள் உரசியதுதான் காரணம் என்ற விளக்கம் வந்தது. பையின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சின்னக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மும்பை லோக்கல் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். மற்ற ரயில் பெட்டிகளைவிட இது அதிகம். கூட்டத்தைக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே அகலமாகச் செய்யப்பட்டது. அகலப் பாதை இரட்டைத் தடங்களில் ஒரு பாதையின் நடுவிலிருந்து அடுத்த பாதையின் நடுவுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த தூரம் 4.725 மீட்டர். இப்போது புதிதாகப் போடும் பாதைகளுக்கு 5.3 மீட்டர் என்று விதி வைத்திருக்கிறார்கள். பழைய அளவில் 4.725இலிருந்து 3.66ஐக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். இந்த ஒரு மீட்டரை இரண்டு வண்டிகளின் வாசல்களில் தொங்குபவர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு அரை மீட்டர். பை மாட்டிய ஒரு மனிதனின் முதுகுக்கு அது போதாது. இது நேர்ப்பாதையின் கணக்கு. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைப்பதால் வண்டி உட்புறம் சாய்கிறது. 20 மீட்டருக்கும் மேல் நீளமான பெட்டி வளைந்து கொடுக்காது என்பதால் அதன் நடுப்பகுதி வளைவின் உட்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்குகின்றன. ஆக அந்த அரை மீட்டரும் அங்கே முழுதாகக் கிடைப்பதில்லை. வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல் போகும்வரை பொறியியல் விதிப்படி எல்லாம் சரியாகவே இருக்கும். வாசலில் மனிதன் தொங்குவான் என்று அந்த அளவுகளை வகுத்த எந்த விதியும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் காலை 9 மணிக்குத் தொங்குகிறான் என்பதை ஐம்பது வருடமாக எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சொல் விவகாரத்தைக் கவனிக்க வேண்டும். எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் உறுத்துவது இதுதான். ரயில்வே ஆண்டுதோறும் வெளியிடும் விபத்துக் கணக்கில் மோதல், தடம் புரளல், தீ, கடவுப்பாதை விபத்து போன்றவை சேரும். அந்தக் கணக்கின்படி 2000-01இல் 473ஆக இருந்த பெரிய விபத்துகள் 2023-24இல் 40ஆகக் குறைந்துவிட்டன. பொய்யில்லை, இது உண்மையான சாதனை. தண்டவாளத்தைக் காக்கும் கீமேன் முதல் சிக்னல் பொறியாளர் வரை பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் 2023இல் மும்பைப் புறநகர் ரயில்களில் மட்டும் 2,590 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு 2,468 பேர். நாளுக்கு ஏறத்தாழ ஏழு பேர். இந்த இறப்புகள் அந்த 40க்குள் வரமாட்டா. வண்டியிலிருந்து விழுந்தால் அது சட்டத்தின் மொழியில் 'அசம்பாவிதம்', தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் 'அத்துமீறல்'. கணக்கேட்டில் விபத்து என்ற பத்தியில் வண்டிக்கு நேர்ந்தது இருக்கும், மனிதனுக்கு நேர்ந்தது வேறு பத்திக்குப் போய்விடும்.

பத்தி மாறினால் என்ன என்று கேட்கலாம். நிறைய மாறுகிறது. 1988 டிசம்பர் 12இல் லண்டனின் கிளாப்பம் சந்திப்பு அருகே அலுவலகம் போகிறவர்கள் நிறைந்த வண்டி இன்னொன்றின் பின்னால் மோதி 35 பேர் இறந்தார்கள். பழைய சிக்னல்களை மாற்றும் வேலையில், கழற்றிய ஒரு பழைய கம்பியை நறுக்கி எடுக்காமல் ஒதுக்கி மட்டும் விட்டிருந்தார்கள். அது பழைய இடத்தையே மீண்டும் தொட்டு, சிவப்பு விழ வேண்டிய இடத்தில் சிவப்பு விழாமல் செய்துவிட்டது. அந்த வேலையைச் செய்த ஊழியர் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்பது வரை விசாரணையில் வெளிவந்தது. 93 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. 35 பேர் ஒரே நிமிடத்தில் இறந்ததால் அந்தக் கம்பி வரைக்கும் ஆள் போய்ப் பார்த்தார்கள். மும்பையில் அதே 35 பேர் ஐந்தாறு நாள்களில், வெவ்வேறு நிலையங்களில், ஒவ்வொருவராக இறக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் அறிக்கை), ஒரு பிரேதப் பரிசோதனை, அவ்வளவுதான்.

அணு விஞ்ஞானி அனில் காகோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்பு உயர்மட்டக் குழு 2012இல் கொடுத்த அறிக்கையில் இதைக் கூட்டிப் பார்த்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறப்பதாகவும், அதில் சுமார் 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் என்றும் சொல்லி, அதைப் படுகொலை என்றே எழுதியது. அரசுக் குழு அறிக்கையில் அப்படியொரு சொல் விழுவது அரிது. பாதுகாப்புக்கு 5 ஆண்டுகளில் 1 லட்சம் கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்றும் அது கேட்டது.

சட்டமும் இரண்டு முகத்தோடு நிற்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவின்படி படியில் பயணம் செய்வது தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 124ஏ பிரிவு, வண்டியிலிருந்து தவறி விழுந்த பயணிக்கு ரயில்வேயின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்கிறது. பயணியின் கவனக்குறைவைத் தானே விளைவித்துக்கொண்ட காயமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொன்னது. உயிரிழப்புக்கு இப்போது 8 லட்சம் ரூபாய். தண்டவாளத்தைக் கடந்தவர் பயணி இல்லை என்று ஆகிவிட்டால் அதுவும் இல்லை.

அளவுகளின் பழமை எப்படிக் கொல்லும் என்பதற்கு மும்பையின் எல்பின்ஸ்டன் ரோடு (இப்போது பிரபாதேவி) நிலையத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அது ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலங்களில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன, வங்கிகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் வந்தன. ஆலை ஆள்கள் அருகிலேயே சால்களில் (வரிசை அறைக் குடியிருப்புகளில்) குடியிருந்து நடந்து வேலைக்குப் போனவர்கள். புதிதாக வந்தவர்கள் தொலைவிலுள்ள விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலில் வருகிறார்கள். மேற்கு ரயில்வேயின் எல்பின்ஸ்டன் ரோடும் மத்திய ரயில்வேயின் பரேலும் ஒட்டிய நிலையங்கள். இரண்டின் கூட்டமும் அதே குறுகலான நடைபாலத்தின் மேல் ஏறியது. அகலமான புதிய பாலம் வேண்டும் என்று பயணிகள் கேட்டார்கள், மக்களவை உறுப்பினர் கேட்டார், திட்டத்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. ஒப்புதலுக்கும் செங்கல்லுக்கும் நடுவே கோப்பு நடந்துகொண்டிருந்தது.

2017 செப்டம்பர் 29, ஆயுத பூஜை நாள். காலை பத்தரை மணி வாக்கில் திடீர் மழை. நனையாமல் இருக்கப் பாலத்திலும் படிக்கட்டிலும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். அடுத்தடுத்து வந்த வண்டிகள் மேலும் கூட்டத்தை இறக்கின. பண்டிகை என்பதால் பூக்கட்டோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஒருவருடைய பூ கீழே விழ, "ஃபூல் கிர் கயா" என்று யாரோ சொன்னார்கள். பூ விழுந்துவிட்டது என்று பொருள். அது நெரிசலில் "புல் கிர் கயா" என்று காதில் விழுந்தது. பாலம் விழுந்துவிட்டது என்று பொருள். ரயில்வே விசாரணையில் பதிவான சாட்சியம் இது. 23 பேர் மிதிபட்டும் மூச்சு முட்டியும் இறந்தார்கள். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டதும் எல்லோரும் நம்பி ஓடினார்கள் என்றால், அந்தப் பாலத்தின் மேல் அவர்களுக்கு எத்தனை நாள் பயம் இருந்திருக்க வேண்டும்! பிறகு ராணுவத்தை அழைத்துப் புதுப் பாலம் கட்டினார்கள். ஐந்து மாதத்தில், 2018 பிப்ரவரி இறுதியில், திறந்தும்விட்டார்கள். ஐந்து மாதத்தில் முடிகிற வேலை அது.

உண்மையாகவே பாலம் விழுந்ததும் நடந்தது. 2018 ஜூலை 3 காலை அந்தேரியில் கோகலே பாலத்தின் நடைபாதைப் பகுதி மழையில் தண்டவாளத்தின் மேல் சரிந்தது. அதன் பிறகு 445 பாலங்களைச் சோதிக்க ஐ.ஐ.டி. மும்பையின் உதவியோடு உத்தரவு போட்டார்கள். எட்டு மாதம் கழித்து, 2019 மார்ச் 14 மாலை, சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்தை ஒட்டிய மாநகராட்சியின் நடைபாலம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. சிறு பழுதுபார்ப்பு போதும், பயன்படுத்தத் தகுந்தது என்று ஆய்வில் சான்று பெற்ற பாலம் அது. இரும்பின் துரு மேல் பூச்சுக்கும் ஓடுகளுக்கும் அடியில் வேலை செய்கிறது. தட்டிப் பார்க்காமல், தோண்டிப் பார்க்காமல், கண்ணால் பார்த்து எழுதும் சான்றிதழ் வெறும் காகிதம்.

இனி அந்தக் கிடைக்காத பொருளுக்கு வருகிறேன், நேரம். மும்பையில் கடைசி லோக்கல் நள்ளிரவைத் தாண்டித்தான் போகிறது, விடிவதற்கு முன்பே முதல் வண்டி புறப்பட்டுவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை நிலத்தோடு இணைத்து, ஆள்களைக் கொண்டுசேர்த்து, வேலை முடித்து, மீண்டும் எல்லாவற்றையும் எடுத்து, பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உண்மையான வேலைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். பெரிய வேலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை, பாதையில் வண்டிகளைப் பல மணி நேரம் நிறுத்தும் மெகா பிளாக் எடுக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் பயணிகள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பலருக்கு ஞாயிறும் வேலை நாள். ஆனாலும் இரவில் கையில் விளக்கோடு ஜல்லியின் மேல் நடக்கும் டிராக்மேனுக்கு அந்த நேரம் கிடைக்காவிட்டால் பகலில் நாம் ஏறும் வண்டியின் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பணத்தின் கதை இன்னும் வருத்தமானது. தேய்ந்த சொத்தை மாற்றுவதற்கென்றே ரயில்வேயில் தேய்மான நிதி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அதில் போதிய தொகை போட வேண்டும். போடாமல் விட்டால் அந்த ஆண்டு வரவு செலவு அழகாகத் தெரியும், அதனால் போடுவது சுருங்கிக்கொண்டே வந்தது. ஆயுள் முடிந்தும் மாற்றப்படாமல் நிற்கும் சொத்துகளின் மதிப்பு 2020-21 முடிய ஏறத்தாழ 95,000 கோடி ரூபாய் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் காட்டினார். அதில் பாதிக்கு மேல் தண்டவாளம் மாற்ற வேண்டிய செலவு. பாதுகாப்புக்கென்றே 2017இல் 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தோடு தனி நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். காகோட்கர் குழு கேட்ட அதே தொகை. அந்த நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் இயந்திரமும் பீங்கான் பாத்திரமும் வாங்கியிருப்பதைத் தணிக்கை அறிக்கை 2022இல் எடுத்துவைத்தது. பரங்கிமலையையும் எல்பின்ஸ்டன் ரோட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை.

மும்ப்ராவுக்குப் பிறகு, இனி மும்பைக்கு வரும் புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் தானே மூடும் கதவு இருக்கும் என்று ரயில்வே அறிவித்தது. குளிர்சாதன லோக்கலில் 2017 டிசம்பரிலேயே அந்தக் கதவு வந்துவிட்டது. சென்னைப் பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். செய்து கொடுத்த வண்டி அது. சென்னைக்கு அப்படியொரு வண்டி வர 2025 ஏப்ரல் ஆயிற்று. குளிர்சாதனம் இல்லாத வண்டியில் கதவை மூடினால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். அதற்காகக் கதவில் காற்றுப் பலகைகள், கூரையில் காற்று இழுக்கும் அமைப்பு, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்துபோக வழி என்று வடிவமைப்பை மாற்றுகிறார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் கதவு மூடும்வரை வண்டி நகராது என்றால் ஒவ்வொரு நிலையத்திலும் சில நொடிகள் கூடும். இப்போது 20, 30 நொடிகள்தான் நிற்கிறது. கதவில் ஒருவர் கை வைத்தாலும் வண்டி நிற்கும், பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். வெளியே தொங்கியவர்கள் உள்ளே போக இடமில்லை என்றால் நடைமேடையில் நிற்பார்கள், அங்கே எல்பின்ஸ்டன் ரோடு மாதிரி ஒரு படிக்கட்டு இருக்கும். ஆகவே கதவோடு கூடவே வண்டிகளின் எண்ணிக்கை உயர வேண்டும். அதற்கு வண்டிகளை நெருக்கமாக ஓட்டும் சிக்னல் அமைப்பும் கூடுதல் பாதைகளும் நடைமேடையின் அகலமும் வேண்டும்.

மும்ப்ரா வழக்கில் தண்டவாளப் பராமரிப்பில் குறை இருந்தது என்று சொல்லி, 2025 நவம்பரில் ரயில்வே காவல்துறை இரண்டு பொறியாளர்கள் மீது வழக்குப் பதிந்தது. அதை எதிர்த்து நவம்பர் 6 மாலை சி.எஸ்.எம்.டி.யில் ஊழியர்கள் போராட, அலுவலகம் விட்டு வீடு திரும்பும் நேரத்தில் லோக்கல்கள் நின்றன. காத்திருந்து சலித்த சிலர் வண்டியிலிருந்து இறங்கித் தண்டவாளத்தின் மேல் நடக்கத் தொடங்கினார்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே ஒரு லோக்கல் அவர்கள் மேல் மோதி 2 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி தண்டவாளத்தில் நடப்பது அத்துமீறல்.